ரெண்டும் ஓடும் நேரம்

வில்லாபுரத்தில் நாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு, வாசலைத் தாண்டுவதே தனியாக ஒரு வேலை. செருப்பை மாட்டிக்கொண்டு, சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கேட்டின் கொண்டியில் ஒரு கையை வைப்பார். இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் மூக்குக்குக் கீழே போய் மீசைமேல் குறுக்காகப் படுத்துக்கொள்ளும். கண் பாதி மூடும். புதிதாகப் பார்ப்பவர்கள், மனுஷனுக்குத் தும்மல் வருகிறது என்று ஒதுங்கி நிற்பார்கள். தும்மல் வராது. மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு இந்தப் பழக்கமெல்லாம் தெரியாது. எங்கள் வீட்டில் கிளம்பும்போது ஒரு சின்ன ஜெபம், அதோடு சரி. என் கணவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் நர்ஸ். நாள் முழுக்க ஊரார் மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கிற இடத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ஒருவர் மூக்கில் விரலை வைத்துக்கொண்டு வழியை மறித்தால் எப்படி இருக்கும். குடிவந்த புதிதில் கேட்டே விட்டேன்.

"அண்ணே, மூக்குல எதுவும் தொந்தரவா? கிளினிக்குக்கு வாங்களேன், டாக்டரம்மா பாப்பாங்க."

"தொந்தரவெல்லாம் இல்ல சிஸ்டர். சரம் பாக்குறேன்" என்றார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப லேசு. வலது ஓடுனா வெளி வேலை. எடது ஓடுனா வீட்டு வேலை. ரெண்டும் சேந்து ஓடுனா ஒண்ணும் தொடங்கக் கூடாது, சும்மா உக்காந்துரணும். சாமி கும்புடலாம், அம்புட்டுத்தான். சித்தர்க சொன்னது."

"ரெண்டும் ஓடலேன்னா?"

"அது பொணம் சிஸ்டர்" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய சிரிப்பு நன்றாக இருக்கும், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கே போனாலும் கையில் ஒரு துண்டு இருக்கும். தோளில் போட அல்ல. நெருக்கிச் சுருட்டி, இடது கக்கத்தில் அழுத்தி வைத்துக்கொள்வதற்கு. அப்படி வைத்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு வலது பக்கம் மாறிவிடும் என்பார். ரேஷன் கடை வரிசையிலும், கரன்ட் பில் கட்டுகிற இடத்திலும் கக்கத்தில் துண்டோடு நிற்பார். கொரோனா சமயத்தில் மாஸ்க் போட்டிருந்தபோதும் விடவில்லை. மாஸ்க்குக்குள் விரலை நுழைத்துப் பார்க்கப்போய், மருந்துக்கடைக்காரர் அவரைத் தெருவோடு போகச் சொல்லிவிட்டார்.

அவருடைய மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். கீழ் வீட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்றார். அந்தத் தெருவில் பாதி வீட்டின் காலைப் பலகாரம் மதினி கையில்தான். கணவரின் மூக்கை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த அவர் நன்றாகப் பழகியிருந்தார். ஒன்பது மணிக்கு பஸ் என்றால் எட்டுக்கு என்று சொல்லிவைப்பார். கணவர் கேட்டைப் பிடித்து நின்றதும் மதினி வீட்டுக்குள் திரும்பிப் போய் ஊறப்போட்ட உளுந்தைக் களைந்துவிட்டு வருவார். டி. கல்லுப்பட்டியில் உறவுக்காரர் வீட்டுக் காலை முகூர்த்தத்துக்குக் கிளம்பி, கடைசிப் பந்தியில் ரசம் ஊற்றும்போது போய்ச் சேர்ந்த கதையை மதினி சொன்னால் சிரித்தே வயிறு வலிக்கும்.

"கோவம் வரலயா மதினி?"

"வந்து என்ன செய்ய பாப்பா. சிலருக்குக் குடிப்பழக்கம், சிலருக்குச் சீட்டாட்டம். இவருக்கு மூக்கு."

ஒரு மத்தியானம் கிளினிக்கில் கூட்டம் இல்லை. டாக்டரம்மாவிடம் எங்கள் ஓனர் கதையைச் சிரிப்பாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவர் பாக்குறது நெஜம்தான்மா" என்றார். மூக்கின் உள்சுவரில் மெத்தென்று ஒரு சதை இருக்கிறது. ரத்தம் நிறைந்தால் அது உப்பும், வடிந்தால் சுருங்கும். ஒரு பக்கம் உப்பி அடைத்திருக்கிறபோது மறுபக்கம் சுருங்கி வழிவிடும். சில மணி நேரத்தில் முறை மாறும். இப்படி மாறுவது நம்மில் பல பேருக்கு ஆயுசு முழுக்கத் தெரியாமலே நடக்கிறது. நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம். நெஞ்சைத் துடிக்க வைப்பதும் சாப்பிட்டதைச் செரிக்க வைப்பதும் அதுதான். அதில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று பதறுகிற கட்சி. ஓடினாலோ பயந்தாலோ அதன் கை ஓங்கும். ரத்தக்குழாய்கள் இறுகி, மூக்கு இரண்டு பக்கமும் திறந்துகொள்ளும். இன்னொன்று ஓய்கிற கட்சி. அதன் கை ஓங்கினால் சதை உப்பும், நீர் சுரக்கும். "அழுதவங்க மூக்கடைச்சுப் பேசுவாங்கல்ல, அதுலயும் இதுக்குப் பங்கு உண்டு" என்றார். கக்கத்தில் துண்டு வைப்பதைக்கூட அவர் தள்ளவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் திறக்கிறதாம்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் மானக்கேடாக இருந்தது. மூக்கு டாக்டரிடம் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் என் மூக்கு முறை மாறுவது எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் விடக்கூடாது என்று அன்று சாயங்காலமே அவரிடம் போனேன்.

"அண்ணே, டாக்டரம்மாட்ட கேட்டேன். அது நரம்பு வேல. நம்மளக் கேக்காம தானா மாறிக்கிட்டே இருக்கும். நல்ல நேரம் கெட்ட நேரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நம்மளக் கேக்காமயா மாறுது?"

"ஆமாண்ணே."

"அதத்தான சிஸ்டர் நானும் சொல்றேன். நம்மளக் கேட்டு மாறுனா அதுல பாக்க என்ன இருக்கு?"

மாடியேறி வந்துவிட்டேன்.

அவருடைய ஒரு சொல் மட்டும் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒவ்வாமல் இருந்தது. 'தப்பிச்சேன்' என்பார். ஒரு சாயங்காலம் கரன்ட் இல்லை என்று எல்லோரும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தபோது, பேங்க் இன்டர்வியூவுக்குப் போன கதையைச் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தின காலம். எழுத்துப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கித் தேறியிருந்தார்.

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன் சிஸ்டர். நெஞ்சு திக்குதிக்குன்னு அடிக்குது. எனக்கு முன்னால உள்ளவன் உள்ள போயிட்டான். வெரல வச்சுப் பாத்தேன். ரெண்டும் ஓடுது. சும்மா இல்ல, ஜம்முனு ஓடுது. துண்ட மாத்தி மாத்தி வச்சேன், அசையல. எந்திரிச்சு வந்துட்டேன்."

"பேரக் கூப்புட்டிருப்பாங்களே?"

"கூப்புட்டாங்க. படி எறங்கும்போது கேட்டுச்சு." துண்டை மடியில் போட்டு மறுபடி சுருட்டினார். "அன்னைக்கு உள்ள போயிருந்தா என்னமாவது ஆயிருக்கும். தப்பிச்சேன்."

என்ன ஆயிருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை கீழவெளி வீதியில் ஒரு பெயின்ட் கடையில் நின்று கலர் கலக்கிக் கொடுத்தார். அந்த வேலைக்கு அவர் குறைச்சலான ஆள் இல்லை, ஆனால் இருந்திருக்க வேண்டிய இடம் அது இல்லை என்பது அவர் பேசுகிற விதத்திலேயே தெரியும்.

மகள் கதையைச் சொன்னது மதினி. மாவைக் கவரில் அள்ளி ஊற்றிக்கொண்டே சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் வந்து, எல்லாம் பேசி முடித்து, தட்டு மாற்றுகிற நேரம். அவர்கள் தட்டை நீட்டிவிட்டார்கள். இவர் கையை நீட்டவில்லை, மூக்கில் வைத்தார்.

"மூஞ்சி வெளுத்துப்போச்சு பாப்பா. ஒரு காப்பி குடிங்க, அப்பறம் மாத்திக்கலாம்னாரு. குடிச்சாங்க. இன்னொரு காப்பி போடுன்னு என்னப் பாக்குறாரு. எம்புட்டுத்தான் காப்பி குடிப்பாங்க? பையனோட மாமா எந்திரிச்சுத் துண்ட ஒதறிட்டாரு. பிள்ள உள்ள பூ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா." மதினி சிரித்துக்கொண்டுதான் இருந்தார், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த எடம் சரியில்ல, தப்பிச்சோம்னாரு. அந்தப் பையன் இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கான்."

மகள் அதற்குப் பிறகு தட்டுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. தன்னோடு வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு மட்டும் போன் பேசுவாள்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் மதினியின் மாவு கெட ஆரம்பித்தது. மாவு பதமாகப் பொங்கிவிட்டதா, புளித்துவிட்டதா என்பதை மதினி மூக்காலேயே சொல்லிவிடுவார். மாவுப் போசியின் மூடியைக் கொஞ்சம் தூக்கினால் போதும். இப்போது தெருவில் ஒவ்வொருவராக மாவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மதினி முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு" என்பார். வீடெல்லாம் புளித்த வாடை. எனக்கு அது சரியாகப் படவில்லை. பெருங்காய டப்பாவை எடுத்து அவர் மூக்கருகில் நீட்டினேன். என்ன வாசனை என்று அவரால் சொல்ல முடியவில்லை. வலது நாசியை என் விரலால் மூடிக்கொண்டு மூச்சு விடச் சொன்னேன். இடது பக்கத்தில் காற்றே இல்லை.

"எவ்வளவு நாளா மதினி?"

மதினிக்கு முன்னால், பக்கத்தில் நின்ற அவர் கணவர் பதில் சொன்னார். "அவளுக்கு மாசக்கணக்கா வலதுதான் சிஸ்டர். ஆடியிலருந்தே மாறல. நான்தான் தெனமும் பாக்குறேன்ல. வியாபாரத்துக்கு அது ரொம்ப நல்லது. இப்படி விடாம ஓடுறது லேசுல யாருக்கும் வாய்க்காது."

சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. என்னால் இன்றைக்கும் மறக்க முடியாதது அந்த முகம்தான். ஒரு பக்க மூக்கு மாதக்கணக்கில் திறக்கவில்லை என்பதை எந்த டாக்டருக்கும் முன்னால் கண்டுபிடித்தவர் அவர். ஊரில் வேறு எந்தப் புருஷனும் அதைப் பார்த்திருக்க மாட்டான். பார்த்துவிட்டு, அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொண்டார்.

மறுநாளே மதினியை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே சதை வளர்ந்திருந்தது. சோதனைக்கு அனுப்பிய சதைத்துணுக்கு நல்ல சேதியோடு திரும்பவில்லை. டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்: பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்துவிடலாம், இப்போது எடுத்தால் மூக்கோடு முடிந்துவிடும், தள்ளிப்போட்டால் கண்ணுக்கும் மூளைக்கும் பரவிவிடும். நாளும் குறித்துக் கொடுத்தார்கள்.

குறித்த நாள் காலையில் மதினி தலைவாரி, பையோடு வாசலில் நின்றார். ஆட்டோ நின்றது. கணவர் கேட்டில் கைவைத்து, விரலை மூக்கடியில் வைத்தார். துண்டைக் கக்கத்தில் வைத்தார், எடுத்து மறு கக்கத்தில் வைத்தார். நெற்றி வேர்த்தது. "ரெண்டும் ஓடுது" என்றார் மதினியிடம். "இன்னைக்கு வேணாம். கத்தி வைக்கிற காரியம்." மதினி உள்ளே போய்ப் பையை வைத்துவிட்டார். வேறொரு நாள் கேட்டு வாங்கினோம். அன்றும் அதே வாசல், அதே விரல். ஆட்டோக்காரர் வெயிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு போனார். இன்னொரு நாள் குறித்ததற்கும் அதே கதிதான்.

மகள் திருப்பூரிலிருந்து வந்து கத்திவிட்டுப் போனாள். "நான் கூட்டிட்டுப் போறேம்மா, வா" என்றாள். மதினி அசையவில்லை. நானும் தனியாகக் கேட்டுப் பார்த்தேன்.

"எனக்கும் பயமாத்தான இருக்கு பாப்பா" என்றார் மதினி. "வேணாம்னு என் வாயால சொல்ல முடியல. அவரு மூக்கு எனக்கும் சேத்துச் சொல்லிருது. அவரு வரட்டும். அவரு நிக்காத எடத்துல நான் மயக்க மருந்து போட்டுக்கிற மாட்டேன்."

அன்றைக்குத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. படிக்கட்டில் அவரை நிறுத்தி வைத்துப் பேசினேன், குரல் உயர்ந்துதான் போயிற்று.

"அண்ணே, பயந்தா ரெண்டும் தெறந்துக்கிரும். எல்லா மனுஷருக்கும் அப்படித்தான். நெஞ்சு அடிக்குது, வேர்க்குது, அதோட சேந்து மூக்கும் தெறக்குது. நீங்க பயந்தா ஒடம்பு ரெண்டையும் தெறந்து விடுது, அதப் பாத்துட்டு நீங்க போகக் கூடாதுங்குறீங்க. இப்படியே போனா நீங்க பயப்படுற காரியம் எதுக்குமே கெளம்ப முடியாது."

"யாருக்குப் பயம்?" என்றார்.

"உங்களுக்குத்தான்."

கீழே இறங்கிப் போய்விட்டார். இரண்டு மூன்று நாள் என் கண்ணில் படவில்லை. பிறகு ஒரு காலையில், நான் வேலைக்குக் கிளம்புகிறபோது கேட்டருகில் நின்றிருந்தார். கையில் துண்டு இல்லை.

"சிஸ்டர், அன்னைக்கு பேங்கு வாசல்லயும் அதானா?"

நான் கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"தட்டு மாத்துறப்ப?"

"தெரியலண்ணே" என்றேன்.

"இல்ல, அதாத்தான் இருக்கும். நெஞ்சு அடிச்சுச்சு. ரெண்டு தடவையும் அடிச்சுச்சு." தலையை ஆட்டிக்கொண்டார். "தப்பிச்சேன்னுல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

நான் சொன்னது உண்மை. சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான். ஆனால் அறுபது வயசுக்கு மேல் ஒரு மனுஷன் தன் ஆயுசு முழுவதையும் வாசலில் நின்றபடி திரும்பிப் பார்ப்பதை அன்று பக்கத்தில் நின்று பார்த்தேன். பஸ்ஸில் போகும்போது எனக்கு அழுகை வந்தது.

சரி, புரிந்துகொண்டார், இனி கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அங்கேதான் நான் ஏமாந்தேன். எது ஏன் நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் நடப்பது நின்றுவிடுமா. நெஞ்சு அடிப்பது பயத்தால் என்று தெரிந்தவனுக்கும் நெஞ்சு அடிக்கத்தான் செய்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். கீழே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கிரைண்டர் பக்கத்தில் மதினி. மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வருகிறது, சேலை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. குனியவைத்து மூக்கை அழுத்திப் பிடித்து, துண்டைக் கொடுத்தேன். என் கணவர் தெருமுனைக்கு ஓடி ஆட்டோ கூட்டிவந்தார். மதினியைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், கேட்டில் அவர் நிற்கிறார். கை கொண்டியில். வழி அடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"தெறங்கண்ணே" என்றேன்.

அவருக்குக் கேட்டது. அவருக்கு எல்லாம் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் விரல் மேலே போயிற்று. கண்ணில் தண்ணீர் இல்லை, வெறும் பயம். "ரெண்டும்..." என்று உதடு மட்டும் அசைந்தது. என்னைப் பார்த்தார், உதவி கேட்கிறவர் மாதிரி. அவரைத் தள்ளிவிட்டுக் கேட்டைத் திறப்பதா, மதினியைப் பிடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

மதினி என் பிடியிலிருந்து நகர்ந்து அவரிடம் போனார். இடது கையால் துண்டை மூக்கோடு பிடித்திருந்தார். வலது கையைத் தூக்கி, கட்டைவிரலால் அவருடைய இடது நாசியை அழுத்தி மூடினார்.

"இப்ப ஒண்ணுதான் ஓடுது" என்றார். துண்டுக்குள்ளிருந்து சொன்னதால் குரல் அமுங்கி வந்தது. "வலதுதான். பாத்துக்கங்க. கதவத் தெறங்க."

அவர் திறந்தார்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் மதினி கட்டைவிரலை எடுக்கவில்லை. கூடவே ஏறிக்கொண்ட நான் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே வந்தேன், அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஓனரை உட்காரவைத்துப் பேசும்போது, அவர் மூக்கின் ஓரத்தில் ரத்தத்தால் ஒரு விரல்ரேகை காய்ந்திருந்தது. சொல்லியும் சாயங்காலம்வரை அவர் அதைத் துடைக்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. முதலில் குறித்த நாளில் நடந்திருந்தால் மூக்கோடு நின்றிருக்க வேண்டியது, கண்வரை பரவியிருந்தது. ஒரு கண்ணை எடுக்க வேண்டிவந்தது. அதன் பிறகு கரன்ட் வைக்க, அதாவது கதிர் வைத்தியத்துக்கு, தினமும் போய்வர வேண்டும். தினமும் அதே வாசல். ஆனால் அதற்கு ஒரு வழி பிறந்திருந்தது. மதினி முகத்தில் கட்டோடு வந்து நின்று, கட்டைவிரலை அவர் மூக்கில் வைப்பார், அவர் கொண்டியை நீக்குவார். தெருவில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். "இம்புட்டு வருசமா எனக்கு இது தோணாமப் போச்சே பாப்பா" என்று மதினி ஒருநாள் சொன்னார். "பேங்கு வாசல்ல நான் இல்லாமப் போயிட்டேன்." அவர் துண்டைக் கக்கத்தில் வைப்பதை விட்டுவிட்டார். அந்தத் துண்டால் மதினிக்கு வாய் துடைத்துவிடுவார். பத்தியக் கஞ்சி அவரே காய்ச்சினார். மாவுக்கு வருகிறவர்களிடம் கதவைத் திறந்து "இப்ப இல்லம்மா" என்று சொல்ல மட்டும் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த மாதங்களில் அவர்மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மருந்து மாற்றிக் கட்டும்போது, கண் இருந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும். வெளியே வந்து, வாசல்படியில் பால் டம்ளரோடு காத்திருக்கிற மனுஷனைப் பார்த்தால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாது.

சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்த வாரத்தில் மதினி போய்விட்டார். வீட்டில்தான், மத்தியானத் தூக்கத்தில்.

மறுநாள் காலை வீட்டின் முன்னால் வண்டி வந்து நின்றது. மகள் திருப்பூரிலிருந்து வந்து அழுது ஓய்ந்திருந்தாள். தெருவே வந்திருந்தது, மாவு வாங்கிய பெண்களெல்லாம் வந்திருந்தார்கள். செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்துத் தூக்கியாயிற்று. ஆட்கள் தோளில் சுமையோடு வாசலுக்கு வந்தார்கள். ஒற்றைக் கதவுதான் திறந்திருந்தது, மற்றது கொண்டி போட்டபடி. அதைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

"எடுக்கலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

அவருடைய விரல் மூக்குக்கு அடியில் போயிற்று. சுமந்தவர்கள் தோளை மாற்றிக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் தெரிந்த பழக்கம்தானே.

"இன்னைக்குமாப்பா?" என்றாள் மகள். அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

அவர் விரலை எடுக்கவில்லை. கொஞ்சம் நகர்த்தி, மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினார். நேற்றிலிருந்து அழுததில் முகம் வீங்கியிருந்தது, மூக்கு சிவந்திருந்தது.

"ரெண்டும் ஓடல சிஸ்டர்" என்றார். மூக்கடைத்த குரலில், சின்னப்பிள்ளை முறையிடுவதுபோல் வந்தது.

"அழுதா அப்படித்தாண்ணே" என்றேன். "அடைச்சுக்கிரும்."

அப்படியா என்பதுபோல் தலையாட்டினார். விரலை எடுத்து ஒருமுறை பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்து, வாயாலேயே ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்.

"எடுங்கப்பா" என்றார். கொண்டியை நீக்கி, கேட்டின் இரண்டு கதவையும் அவரே அகலத் திறந்துவிட்டார்.